பல்லவன் ரயில், ஒத்தை லைன், ஸ்டேஷன் பைக் ஸ்டாண்ட்: செட்டிநாட்டு பயணியோட ரிவ்யூ

மொதல்ல தீர்ப்ப சொல்லிடுறேன், விளக்கம் அப்புறம். காரைக்குடி – சென்னை எழும்பூர் பல்லவன் எக்ஸ்பிரஸ் நம்ம பக்கத்துக்கு கெடைச்ச அருமையான வண்டி, பகல்ல சென்னை போகணும்னா எனக்கு வேற எதுவும் மனசுல வராது. ஆனா வீட்டு வாசல்ல கால் வச்சதுல இருந்து திரும்ப வீட்டு வாசலுக்கு வந்து சேர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுது, எவ்வளவு டென்ஷன் ஆகுதுன்னு பார்த்தா, பிரச்சனை பாதி ரயில் ஓடுற தண்டவாளத்துல இருக்கு, மீதி பாதி நம்ம பைக்க நிறுத்துற இடத்துல இருக்கு. இந்த ரெண்டும் சரியாகாம நம்ம ஊர்க்காரங்களுக்கு பயண நேரம் குறைஞ்சிடுச்சுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் இருக்குறது கீழச்சிவல்பட்டி பக்கம் ஒரு கிராமம். காரைக்குடிக்கு இருபது கிலோமீட்டர் முன்ன பின்ன இருக்கும். வேலை எங்க, எந்த வண்டி எங்க நிக்குதுங்கிறத பொறுத்து காரைக்குடி, செட்டிநாடு, திருமயம், புதுக்கோட்டை, சில நேரம் தேவகோட்டை ரோடுன்னு மாத்தி மாத்தி ஏறுற ஆளு. அதனால இத ஒரே ஒரு ஸ்டேஷன பத்தின ரிவ்யூவா எடுத்துக்காதீங்க, இந்த லைன் மொத்தத்தையும் பத்தினது.

பல்லவன பத்தி தெரியாதவங்களுக்கு: ரொம்ப வருஷமா திருச்சி – சென்னைன்னு ஓடிட்டு இருந்த வண்டி, 2013ல காரைக்குடி வரைக்கும் நீட்டுனாங்க. விடியக்காலை அஞ்சரை வாக்குல காரைக்குடியில கெளம்பி, புதுக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம்னு கார்டு லைன்ங்கிற குறுக்கு வழியா போயி மத்தியானம் பன்னெண்டேகால் ஒட்டி எழும்பூர்ல எறக்கி விட்டுடும். சாயங்காலம் மூணே முக்கால் வாக்குல அங்க கெளம்புனா ராத்திரி பத்தரைக்கு மேல காரைக்குடி. மொத்தம் 426 கிலோமீட்டர். ரயில்வே அப்பப்ப அஞ்சு பத்து நிமிஷம் மாத்தும், போறதுக்கு முன்னாடி ரயில்வேயோட என்டிஈஎஸ்லயோ (வண்டி எங்க வருதுன்னு காட்டுறது) ரயில்ஒன் ஆப்லயோ ஒரு தடவ பார்த்துக்கோங்க.

இதுல இருக்குற சொகம் என்னன்னா, ராத்திரி தூக்கம் கெடாது. ஆம்னி பஸ்ல ராத்திரி பூரா குலுங்கி கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ விடியக்காலை போயி எறங்கி, பல்லு வெளக்க எடம் தேடி, அப்புறம் ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போறது இருக்கே, வயசானவங்களுக்கு அது தண்டனை. எங்க அப்பத்தாவ கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறப்ப பல்லவன்ல தான் போவோம், ரெண்டாம் வகுப்பு சிட்டிங் ரிசர்வ் பண்ணிட்டா ஜன்னல் ஓரம் உக்காந்து அரியலூர் தாண்டுற வரைக்கும் ஏதாவது பேசிட்டே வரும், பாத்ரூம் இருக்கு, காலை நீட்டிக்கலாம், டிக்கெட் பஸ்ஸோட பார்த்தா ரொம்ப கம்மி. வண்டிக்குள்ள கிடைக்குற சாப்பாட பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, வீட்டுல இருந்து இட்லி பொடி தடவி கொண்டு போயிடுங்க, அதான் நல்லது.

இனி தண்டவாளத்துக்கு வர்றேன். சென்னையில இருந்து திருச்சி வரைக்கும் டபுள் லைன், ஒரு வண்டி போக ஒரு லைன், வர ஒரு லைன். திருச்சியில இருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை, மானாமதுரை வரைக்கும் நம்ம பக்கம் பூரா ஒத்தை லைன். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டி தான் இருக்கலாம். எதிர்ல ஒன்னு வந்தா, ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல ஒன்ன லூப் லைன்ல, அதாவது பக்கத்துல பிரியுற கிளை லைன்ல ஒதுக்கி நிறுத்தி, மத்தது தாண்டுன பிறகு தான் விடுவாங்க. நம்ம ஆளுங்க “கிராஸிங்குக்கு போட்டுட்டாங்க”ம்பாங்களே, அதான் இது. இதுல நிக்குற நேரம் மட்டும் தான் வேஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க. லூப் லைனுக்கு திரும்புற பாயிண்ட் மேல வண்டி 15 இல்லன்னா 30 கிலோமீட்டர் வேகத்துல தான் ஊர்ந்து போக முடியும், அவ்வளவு நீள வண்டியும் முழுசா உள்ள வரணும், நிக்கணும், எதிர் வண்டி வரணும், போகணும், சிக்னல் விழணும், திரும்ப ஊர்ந்து வெளிய வந்து வேகம் புடிக்கணும். எதிர் வண்டி லேட்டா இருந்தா அந்த லேட்டும் நம்ம தலையில தான். நமணசமுத்திரத்துலயோ திருமயத்துலயோ வண்டி காரணமே தெரியாம நிக்குறப்ப பக்கத்து சீட்டுக்காரர் எந்திரிச்சு கதவு பக்கம் போயி எட்டி எட்டி பார்ப்பாரு, அவர் பார்க்குறது அந்த எதிர் வண்டி வெளிச்சத்த தான்.

காலையில பல்லவன் கெளம்புற நேரத்துக்கு லைன்ல கூட்டம் கம்மி, திருச்சி வரைக்கும் 89 கிலோமீட்டர் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஓடிடும். ராத்திரி திரும்புறப்ப அதே தூரத்துக்கு டைம்டேபிள்லயே கூடுதல் நேரம் ஒதுக்கி வச்சிருக்காங்க. கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாடி இப்படி நிமிஷத்த சேர்த்து வைக்கிறது இந்தியா முழுக்க ரயில்வேயோட வழக்கம், வழியில ஆன லேட்ட அதுல சரிக்கட்டிக்கலாம்னு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல ஒவ்வொரு நிமிஷமும் நமக்கு எவ்வளவு முக்கியம்னு பின்னாடி பார்க்கிங் கதையில சொல்றேன்.

ஒரு காலத்துல இந்த லைனும் குறுகலான மீட்டர் கேஜ் தான், 2007 வாக்குல அகலமான பிராட் கேஜ் ஆச்சு. அதுக்கப்புறம் கரண்ட் லைன் வந்துச்சு, திருச்சியில டீசல் எஞ்சின கழட்டி கரண்ட் எஞ்சின் மாட்டுற வேலை போச்சு, அது உண்மையாவே மிச்சம். பாம்பன்ல பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல வண்டி நிறுத்துனதுக்கு அப்புறம் ராமேஸ்வரம் போற வண்டி எல்லாம் மண்டபத்தோடயும் ராமநாதபுரத்தோடயும் நின்னுட்டு இருந்துச்சு, 2025 ஏப்ரல் 6ம் தேதி புது பாலம் திறந்தாங்க, அன்னிக்கே தாம்பரம் – ராமேஸ்வரம் புது வண்டி ஒன்னும் திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியா விட்டாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா வண்டி கூட கூட, ஒத்தை லைன்ல கிராஸிங்கும் கூடத்தானே செய்யும்? புது வண்டிக்கு கொடி அசைக்குற அன்னிக்கே ரெண்டாவது லைன பத்தியும் பேசணும். திருச்சி – காரைக்குடி டபுள் லைன் வரணும், அது மொத்தமா முடியாதுன்னா திருச்சி – புதுக்கோட்டை துண்டையாவது முதல்ல போடணும்ங்கிறது என் கருத்து.

வேகம்னா எஞ்சின் வேகம் மட்டும் இல்லங்கிறதுக்கு நம்ம திருவாரூர் லைன விட நல்ல உதாரணம் கெடையாது. காரைக்குடி – பட்டுக்கோட்டை 2018லயும், பட்டுக்கோட்டை – திருவாரூர் 2019லயும் பிராட் கேஜா மாறி திறந்தாங்க. சுமார் 150 கிலோமீட்டர். புது தண்டவாளம், அதுக்கு அடியில புது ஸ்லீப்பர் கட்டை, எல்லாம் புதுசு. அப்படி இருந்தும் 2019ல டெமுங்கிற டீசல் பாசஞ்சர் வண்டி அந்த தூரத்துக்கு ஆறு மணி நேரம் எடுத்துச்சு. காரணம் என்னன்னா லெவல் கிராஸிங் கேட்டுல ஆள் இல்ல. கேட் கீப்பர் ரயிலோடயே வருவாரு. கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்துவாங்க, அவர் எறங்கி ஓடிப்போயி கேட்ட மூடுவாரு, வண்டி ஊர்ந்து தாண்டி நிக்கும், வண்டியில வர்ற இன்னொருத்தர் கேட்ட திறந்துட்டு ஓடிவந்து ஏறுவாரு, அப்புறம் கெளம்பும். அடுத்த கேட்டுல திரும்ப மொதல்ல இருந்து. அறந்தாங்கிக்கும் பேராவூரணிக்கும் ஆசையா ரயில்ல போன ஜனங்க, ரெண்டாவது தடவ பஸ்ஸுக்கு போயிட்டாங்க. அதுக்கப்புறம் கேட்டுக்கு ஆள் போட்டு, அதுல நெறைய பேர் முன்னாள் ராணுவத்தினர், நேரம் குறைஞ்சுச்சு. ஒரு தண்டவாளத்த கூட மாத்தல, கேட்டுல ஆள் உக்காந்தாரு, வண்டி வேகமா ஓட ஆரம்பிச்சுச்சு. அத பார்த்ததுல இருந்து எனக்கு இந்த சின்ன சின்ன வேலைங்க மேல தான் நம்பிக்கை. கோடி கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி எங்க நேரம் ஒழுகுதுன்னு பார்த்து அந்த ஓட்டைய அடைக்கணும்.

பார்க்கிங்கும் அப்படி ஒரு ஓட்டை தான். இத யாரும் பயண நேரத்துல சேர்க்குறதே இல்ல, அதான் என் ஆதங்கம்.

யோசிச்சு பாருங்க, அஞ்சரைக்கு ரயில்னா நம்ம கிராமத்துல இருந்து நாலரைக்கு கெளம்பணும். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கெடையாது. ராத்திரி பத்தரைக்கு மேல வந்து எறங்குனா அப்பவும் பஸ் கெடையாது. ஆட்டோவ அந்த நேரத்துல இருபது கிலோமீட்டருக்கு கேட்டா சென்னை டிக்கெட்ட விட கூடுதலா கேப்பாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, திரும்பி வர்றப்ப காலி வண்டியா தானே வரணும். அப்போ மிச்சம் இருக்குறது சொந்த பைக் ஒன்னு தான். திருப்பத்தூர்ல இருந்து வர்றவரு, நெற்குப்பையில இருந்து வர்றவரு, குன்றக்குடி, பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல், தேவகோட்டைக்காரங்க எல்லாருக்கும் இதே நெலம. தேவகோட்டைய பாருங்க, அவ்வளவு பெரிய ஊரு, ஸ்டேஷன் பேரு தேவகோட்டை ரோடு, ஆனா ஸ்டேஷன் இருக்குறது ஊர விட்டு ரொம்ப தள்ளி. இவங்க எல்லாருக்கும் பைக் ஸ்டாண்ட் தான் கனெக்ஷன் பஸ். ஸ்டாண்ட் சரி இல்லன்னா ரயில் எவ்வளவு நல்லா ஓடுனாலும் அவங்களுக்கு அந்த ரயில் இல்லாத மாதிரி தான்.

இப்ப நான் அடிக்கடி வண்டி விட்ட ஒரு ஸ்டாண்ட பத்தி சொல்றேன். எந்த ஸ்டேஷன்னு பேர் போடல, ஏன்னா யாரையும் மாட்டி விடுறது நோக்கம் இல்ல, நெலமை இப்படி இருக்குன்னு தெரிஞ்சா போதும். மண் தரை. பாதிக்கு தகரக் கொட்டகை, பாதிக்கு வானம். அஞ்சு மணிக்கு போனா கொட்டகைக்குள்ள ஏற்கனவே முந்தின நாள் வண்டிங்க ஹேண்டில் பாரோட ஹேண்டில் பார் மாட்டிக்கிட்டு நிக்கும், நடுவுல நொழைய வழி இருக்காது, வெயில் பக்கம் தான் கெடைக்கும். சீட்டு குடுக்குற தம்பி தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து, பேனா எழுதாம ரெண்டு தடவ உதறி, நம்பர எழுதி பாதிய கிழிச்சு கையில குடுத்துட்டு “அண்ணே, ஹேண்டில் லாக் போடாதீங்க, நாங்க நகத்தணும்”ம்பாரு. லாக் போடாம வண்டிய விட்டுட்டு சென்னை போற மனசு யாருக்கு வரும்? போட்டாலும் பிரச்சனை, நகத்த முடியாம இழுத்து இழுத்து சைடு ஸ்டாண்ட் வளைஞ்சிருக்கும். ஹெல்மெட்டுக்கு தனி காசு. காசு எவ்வளவுன்னு எழுதுன போர்டு எங்கயும் இல்ல, அன்னிக்கு அன்னிக்கு சொல்றது தான் ரேட்டு.

நாள் கணக்கு இன்னொரு தகராறு. காலையில அஞ்சு மணிக்கு விட்டு மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு எடுத்தா ரெண்டு நாளா, 24 மணி நேரத்துக்கு ஒன்னுன்னு கணக்கா, இல்ல ராத்திரிக்கு தனியா? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. அதிகம் வாங்குறாங்கங்கிறத விட எவ்வளவுன்னு தெரியாம நிக்குறது தான் எரிச்சல். ராத்திரி வண்டியில இருந்து எறங்குன கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்துல அந்த ஒரே சந்துக்குள்ள போகும், ஒரே ஒரு பல்பு எரியும், எல்லாரும் செல்போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு நம்பர் பிளேட்ட தேடிட்டு இருப்பாங்க, உள்ள இருக்குற வண்டிய எடுக்கணும்னா வெளிய இருக்குற நாலு வண்டிய நகத்தணும். பத்து நாற்பதுக்கு எறங்குனவன் பதினோரு மணிக்கு மேல தான் ரோட்டுக்கு வர்றான். கிராஸிங்ல நின்ன நேரத்துக்கு சமமா இங்கயும் போயிடுது. மழை பேஞ்ச அன்னிக்குன்னா சேறு, பொம்பளைங்க சேலைய தூக்கிப் புடிச்சுட்டு தயங்கி தயங்கி நடக்குறத பார்க்கவே சங்கடமா இருக்கும். தனியா வேலைக்கு போயிட்டு திரும்புற பொண்ணுங்க அந்த இருட்டு சந்துக்குள்ள போக பயந்து, வீட்டுல அண்ணனையோ அப்பாவையோ வரச்சொல்லி காத்திருக்காங்க. அந்த வீட்டுல இன்னொருத்தர் தூக்கமும் போச்சு.

அதே லைன்ல இன்னொரு ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரியவர் சொந்த இடத்துல ஸ்டாண்ட் வச்சிருக்காரு. பேவர் பிளாக் போட்டு, சுண்ணாம்பு கோடு இழுத்து, கோட்டுக்கு ஒரு நம்பர். நாளைக்கு வர்றவங்க வண்டி ஒரு பக்கம், இன்னிக்கு ராத்திரியே எடுக்குறவங்க வண்டி வாசல் பக்கம். “தம்பி எப்ப திரும்புவீக?”ன்னு கேட்டுட்டு தான் எடம் காட்டுவாரு. இந்த ஒரு கேள்வி கேக்குறதால ராத்திரி யாரும் யார் வண்டியையும் நகத்த வேண்டியது இல்ல. ரேட்ட சிலேட்டுல எழுதி தொங்க விட்டிருக்காரு. மாசாந்திர பாஸ் உண்டு. இதுக்கு பெரிய டெக்னாலஜி எதுவும் வேணாம். சுண்ணாம்பும் ஒரு கேள்வியும் போதும். ரயில்வே டெண்டர் விடுறப்ப கூடுதலா காசு கட்டுறவருக்கு குடுக்குறதோட நிறுத்தாம, இந்த மாதிரி தரை, கூரை, வெளிச்சம், ரேட் போர்டு, ராத்திரி கடைசி வண்டி வர்ற வரைக்கும் ஆள்னு எழுதி வாங்கணும், அத மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்க்கணும்.

காரைக்குடி ஜங்ஷன், ஸ்டேஷன்கள புதுப்பிக்குற அம்ரித் பாரத் ஸ்டேஷன் திட்டத்துல இருக்கு, புதுக்கோட்டையும் மானாமதுரையும் இருக்கு. கூரை, வெயிட்டிங் ஹால், லிஃப்ட் எல்லாம் தேவை தான், வேணாம்னு சொல்லல, அப்பத்தா மாதிரி முழங்கால் வலிக்காரங்களுக்கு லிஃப்ட் பெரிய உதவி. ஸ்டேஷனுக்கு முன்னாடி இருக்குற எடத்த சரி பண்றதும் அந்த திட்டத்துல உண்டு. அந்த வேலைய பண்றப்ப முகப்பு அழகா இருக்கான்னு மட்டும் பார்க்காம, கார்ல வந்து ஆச்சிங்கள பெட்டியோட எறக்கி விட்டுட்டு போறவங்களுக்கு ஒரு தனி வழி, ஆட்டோவுக்கு ஒரு தனி எடம், பைக்குக்கு கூரை போட்ட ஸ்டாண்ட், மூணும் ஒன்னோட ஒன்னு மோதாம இருக்கணும். நகரத்தார் வீட்டு கல்யாண சீசன்லயும் கோயில் திருவிழா சமயத்துலயும் ஒவ்வொரு குடும்பமும் பத்து பெட்டி, நாலு தூக்குன்னு எறங்குறப்ப, கார் எல்லாம் வாசல அடைச்சுட்டு நிக்க, பின்னாடி வர்றவரு வண்டிய விட முடியாம ஹாரன் அடிச்சுட்டே பல்லவன விட்டுடுவாரு. எறக்கி விட அஞ்சு நிமிஷம் ஃப்ரீ, அதுக்கு மேல நின்னா காசுன்னு ஏர்போர்ட்ல பண்ற மாதிரி பண்ணா யாரும் நிக்க மாட்டாங்க.

சின்ன ஸ்டேஷன்கள பத்தி ஒரு வார்த்தை. செட்டிநாடு ஸ்டேஷன் கானாடுகாத்தான் பக்கத்துல இருக்கு, வெளிநாட்டுக்காரங்க அரண்மனை வீடு பார்க்க வர்ற ஊரு. கோட்டையூர் இருக்கு, கல்லல் இருக்கு. எல்லா வண்டியும் இங்க நிக்காது, நிக்கவும் வேணாம், எல்லா ஊர்லயும் நின்னா பயண நேரம் எப்படி குறையும்? ஆனா காலையில பல்லவனுக்கு முன்னாடி கல்லல் மாதிரி சின்ன ஸ்டேஷன்கள பொறுக்கிட்டு வந்து காரைக்குடியில சேர்க்குற மாதிரி மானாமதுரை பக்கம் இருந்து மெமுங்கிற கரண்ட் பாசஞ்சர் வண்டி ஒன்னு விட்டா, சிவகங்கை, கல்லல்காரங்க பைக்க தொடவே வேணாம். மெமு வண்டி சட்டுன்னு வேகம் புடிக்கும், சட்டுன்னு நிக்கும், நின்னு நின்னு போறதுக்கு அதான் லாயக்கு. ராத்திரி பல்லவன் வந்த பத்து நிமிஷத்துல அதே வண்டி திரும்பணும், டவுன் பக்கம் போக ஒரு பஸ்ஸும் ஸ்டேஷன் வாசல்லயே நிக்கணும். காரைக்குடி இப்ப மாநகராட்சி ஆயிடுச்சு, பஸ் ஸ்டாண்டும் ஸ்டேஷனும் வேற வேற மூலையில இருக்குற ஊருக்கு இந்த ஒரு பஸ் கூட இல்லாம எப்படி?

மதுரைக்கு ரயில்ல போகலாமான்னு கேக்குறவங்களுக்கு, இப்போதைக்கு பஸ் தான். ரயில்ல மானாமதுரை போயி சுத்திட்டு போகணும். திருப்பத்தூர், மேலூர் வழியா காரைக்குடி – மதுரை புது லைன் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கோம், அது வந்தா திருப்பத்தூர்க்காரங்க பைக்க வீட்டுலயே விட்டுடலாம்.

ரேட்டிங் கேட்டா, பல்லவன் வண்டிக்கு அஞ்சுக்கு நாலரை. திருச்சிக்கு இந்தப் பக்கம் ஒத்தை லைனுக்கு ரெண்டரை. நான் பேர் சொல்லாத அந்த ஸ்டாண்டுக்கு ஒன்னு, சிலேட்டு பெரியவரோட ஸ்டாண்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

வண்டி விடுறவங்க இத மட்டும் பண்ணுங்க: சீட்ட வாங்குன உடனே செல்போன்ல ஒரு போட்டோ, வண்டிய நிறுத்துன எடத்தையும் சுத்தி இருக்குற நாலு வண்டியையும் சேர்த்து ஒரு போட்டோ. ஆர்சி புக்க டேங்க் கவர்லயோ பாக்ஸ்லயோ விட்டுட்டு போகாதீங்க. ஸ்டேஷன் எல்லைக்குள்ள இருக்குற ஸ்டாண்ட்ல கூடுதலா வாங்குனாலோ வண்டிக்கு சேதம் ஆனாலோ 139க்கு அடிங்க, இல்ல ரயில்வே புகார் தளம் ரயில் மதத்ல போட்டோவோட போடுங்க, புகார் நம்பர் வரும், அத எழுதி வச்சுக்கோங்க. வெளிய தனியார் எடத்துல விட்டா அது செல்லாது, அதுக்கு போலீஸ் ஸ்டேஷன் தான். காரைக்குடி மதுரை கோட்டத்துல வருது, ஆனா பட்டுக்கோட்டை பக்கத்து லைன் திருச்சி கோட்டம், மனு குடுக்குறவங்க இத கவனிச்சு சரியான ஆபீசுக்கு அனுப்புங்க. நாங்க எங்க ஊர்ல கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம், மதுரை கோட்ட மேலாளருக்கு போற மனுவுல மொத வரி ராத்திரி ஸ்டாண்டுக்கு லைட்டும் ஆளும், ரெண்டாவது வரி ரேட் போர்டு, மூணாவது வரி திருச்சி – புதுக்கோட்டை ரெண்டாவது லைன். மத்த ஊர்க்காரங்களும் இதே வரிசையில எழுதுனா நல்லது, ஆளுக்கு ஒன்னு கேட்டா ஒன்னுமே நடக்காது.